மதிப்பீட்டு வரி: பில்லுக்கு முன்னால் வரும் கடிதம்



சில மாதங்களுக்கு முன் படிவம் ஐந்து மாணவி ஒருத்தி, மடித்து மடித்து ஓரமெல்லாம் கிழிந்துபோன ஒரு கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தாள். "டீச்சர், இது என்னா லெட்டருன்னு பாருங்களேன். தாத்தா பேருக்கு வந்திருக்கு. தாத்தா செத்து ஏழு வருசம் ஆச்சு. செத்தவங்களுக்கு வர்ற லெட்டரைக் கண்டுக்க வேணான்னு வீட்டுல சொல்றாங்க" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மேலே 'நோட்டிஸ் போராங் ஈ' என்று இருந்தது. வீட்டு வரி நிலுவைக்கான கோரிக்கை அறிவிப்பு அது. அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்து வருவது 'வாரான் எஃப்', அதாவது வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றும் ஆணை. அந்தக் குடும்பம் வரி கட்ட மறுத்த குடும்பம் இல்லை. தாத்தா பெயரில் வந்ததால் அந்தப் பில் தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கெடாவில் தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு கடிதம் ஏதாவது ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். படித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலும் கிடக்கும். அதனால்தான் இந்த மாதம் இலக்கணத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தலாம். மாணவர்களுக்குக் கட்டுரைக்கும் பொது அறிவுக்கும் உதவும். அதைவிட முக்கியமாக, வீட்டில் அப்பா அம்மாவுக்குப் படித்துச் சொல்லலாம்.

நமக்கு ஏன் இது புதிது?

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில் வீடு கம்பெனிக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்வோம், கால்வாய் அடைத்தாலும் அவரிடம்தான் சொல்வோம். நிலத்துக்கு உரிய வரியை நிலத்தின் உரிமையாளரான கம்பெனி பார்த்துக்கொள்ளும். வேலை போனால் வீடும் போகும். வரி என்ற பேச்சே நம் வாசலுக்கு வந்ததில்லை. என் தாத்தா நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். கடைசிவரை தன் பெயரில் ஒரு வரி பில்லை அவர் பார்த்ததில்லை.

பிறகு காலம் மாறியது. சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் பக்கமெல்லாம் ரப்பர் காடுகள் இருந்த இடத்தில் தாமான்களும் தொழிற்சாலைகளும் வந்தன. சேமநிதிப் பணத்தையும் வங்கிக் கடனையும் போட்டு நம்மவர்கள் மலிவு விலை வீடு வாங்கினார்கள். சொந்த வீடு என்ற பெருமையோடு சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு பில்லும் வந்தது. அது என்ன என்று யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை. "கட்டிட்டா போதும்" என்பதோடு பேச்சு முடிந்தது.

கட்டினால் மட்டும் போதாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். கட்டுவது கடமை. கேட்பது உரிமை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு நாள் இருக்கிறது. அது பில் வருவதற்கு முன்னால் வருகிற நாள்.

இரண்டு வரிகள், இரண்டு அலுவலகங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீடு வைத்திருப்பவர் பொதுவாக இரண்டு வரிகள் கட்டுகிறார்.

ஒன்று நில வரி. மலாயில் 'சுக்காய் தானா'. இது மாநில அரசுக்கு உரியது, நில அலுவலகத்தில் கட்டுவது. தேசிய நிலச் சட்டத்தின்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி இந்த வரி விழுகிறது. மே 31க்குள் கட்டவில்லை என்றால் ஜூன் 1 முதல் அது நிலுவை. தொடர்ந்து கட்டாமல் விட்டால் '6ஏ' என்ற படிவத்தில் கோரிக்கை வரும். அதையும் மதிக்காவிட்டால் நிலத்தையே மாநில அரசு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. தொகை சிறிது, விளைவு பெரிது.

மற்றொன்று மதிப்பீட்டு வரி. மலாயில் 'சுக்காய் தக்சிரான்'. பேச்சு வழக்கில் 'சுக்காய் பிந்து', நம் வாயில் 'வீட்டு வரி'. இது ஊராட்சிக்கு உரியது. நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அது அலோர் ஸ்டார் மாநகர் மன்றமாகவோ, சுங்கை பட்டாணி அல்லது கூலிம் நகராண்மைக் கழகமாகவோ, பாலிங், சிக், யான் போன்ற மாவட்ட மன்றமாகவோ இருக்கலாம். இதற்கு அடிப்படை 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. ஆண்டுக்கு இரண்டு தவணை. முதல் தவணையைப் பிப்ரவரி கடைசிக்குள்ளும், இரண்டாவதை ஆகஸ்டு கடைசிக்குள்ளும் கட்ட வேண்டும்.

நில வரி கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு "வரி கட்டிட்டேனே" என்று நகராண்மைக் கழக முகப்பில் வாதாடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பணம் எங்கே போகிறது?

தாமான் சாலைகள், தெரு விளக்கு, கால்வாய், புல் வெட்டுதல், பூங்கா, சந்தை, கொசு மருந்து அடித்தல் போன்றவற்றுக்கு ஊராட்சி செலவு செய்கிறது. அதன் சொந்த வருமானத்தில் மதிப்பீட்டு வரிக்குத்தான் முக்கிய இடம்.

குப்பை விஷயத்தில் கெடாவுக்கு ஒரு தனி நிலை உண்டு. திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007ஐ ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் கெடாவும் ஒன்று. 2011 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே இங்கே குப்பை அள்ளுவது குத்தகை நிறுவனத்தின் வேலை. அதற்காக ஊராட்சி தன் பங்கைச் செலுத்துகிறது.

தண்ணீர்ப் பில்லும் கழிவுநீர்ப் பில்லும் இதில் சேராது. கூட்டரசுச் சாலை, மாநிலச் சாலை ஆகியவற்றைப் பொதுப்பணித் துறை பார்த்துக்கொள்கிறது. ஆகவே சாலையில் குழி என்று புகார் செய்யும் முன், அது யாருடைய சாலை என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். வரித் தொகை இரண்டு எண்களைப் பெருக்கி வருகிறது. ஒன்று ஆண்டு மதிப்பு. மற்றொன்று வரி விகிதம்.

ஆண்டு மதிப்பு என்பது வீட்டின் விலை இல்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு. நீங்கள் வாடகைக்கு விடாமல் அதிலேயே குடியிருந்தாலும் இந்தக் கணக்குதான். "நான் யாருக்கும் வாடகைக்கு விடலையே" என்பது பதிலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. உங்கள் ஊர் விகிதத்தை உங்கள் பில்லிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் அடுக்கு வரிசை வீட்டுக்கு மாத வாடகை 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பு 500 × 12 = 6,000 ரிங்கிட். வரி விகிதம் 7 விழுக்காடு என்றால் ஆண்டு வரி 420 ரிங்கிட், ஒரு தவணைக்கு 210 ரிங்கிட்.

விகிதத்துக்குச் சட்டம் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் போக முடியாது. நடைமுறை விகிதங்கள் அதைவிட மிகக் குறைவு. வீடு, கடை, தொழிற்சாலை, காலி நிலம் ஒவ்வொன்றுக்கும் விகிதம் மாறும், இடத்துக்கு இடமும் மாறும். ஜொகூரில் மட்டும் வாடகையை வைத்துக் கணக்கிடுவதில்லை. அங்கே 'மேம்படுத்தப்பட்ட மதிப்பு', அதாவது சொத்தின் சந்தை விலையை ஒட்டிய மதிப்பு. அதற்கு உச்ச வரம்பு 5 விழுக்காடு. ஜொகூரில் இருக்கும் அக்காவின் பில்லையும் கெடாவில் இருக்கும் தம்பியின் பில்லையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது என்பது இதனால்தான்.

காலி நிலத்துக்கு வாடகை ஏது? அதற்குச் சட்டம் வேறு வழி சொல்கிறது. சந்தை விலையில் 10 விழுக்காட்டை ஆண்டு மதிப்பாக எடுத்துக்கொள்ளலாம். மாநில அரசின் ஒப்புதலோடு அதை 5 விழுக்காடு வரை குறைக்கலாம். 60,000 ரிங்கிட் பெறுமானமுள்ள ஒரு காலி மனைக்கு ஆண்டு மதிப்பு 6,000 ரிங்கிட், குறைத்தால் 3,000 ரிங்கிட். அதன் மேல்தான் விகிதம் போடப்படும். "சும்மா கிடக்கிற நிலத்துக்கு எதுக்கு வரி?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

மதிப்பு ஏறினால் வரியும் அதே அளவு ஏறுமா?

ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு தாமானில் வாடகை எல்லாருக்கும் 500இலிருந்து 800க்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு மதிப்பு 9,600. பழைய 7 விழுக்காட்டையே வைத்தால் வரி 672 ரிங்கிட். விகிதத்தை 5 விழுக்காடாகக் குறைத்தால் 480 ரிங்கிட். மதிப்பு ஒன்றுதான், வரி இரண்டு விதம். ஆகவே மறுமதிப்பீட்டுச் செய்தி வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. என் வீட்டின் மதிப்பு சரியா? விகிதம் என்னவாகப் போகிறது?

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. கோலாலம்பூரில் 1992இல் போட்ட மதிப்பீடே இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன்பாட்டில் இருந்தது. 2013 இறுதியில் புதிய மதிப்பீட்டு அறிவிப்புகள் வீடு வீடாகப் போனபோது பலருக்கு மதிப்பு பல மடங்கு ஏறியிருந்தது. மக்கள் திரண்டு ஆட்சேபக் கடிதங்களைக் கொடுத்தார்கள். அதன் பிறகு வீடுகளுக்கான விகிதம் 6 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்குக் குறைக்கப்பட்டது. புதிய மதிப்பீடு ரத்தாகவில்லை, விகிதம்தான் இறங்கியது. உரிய நேரத்தில் எழுதிக் கொடுத்ததற்குப் பலன் கிடைத்தது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கவும் முடியும். நீட்டிக்க நீட்டிக்க, புதிய பட்டியல் வருகிற அன்று அதிர்ச்சி பெரிதாகிறது. அதிர்ச்சியைத் தாங்குவதற்கு வழி, கடிதத்தைப் படிப்பதுதான்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அப்பா நல்ல ஒழுங்குக்காரர். மின்சாரப் பில், தண்ணீர்ப் பில் எதையும் ஒரு நாள் தாமதிக்க மாட்டார். ஒரு முறை ஊராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தார். கட்ட வேண்டிய தொகை எதுவும் அதில் இல்லை. "பணம் ஒண்ணும் கேக்கல" என்று அலமாரியில் போட்டுவிட்டார்.

அது புதிய மதிப்பீட்டுப் பட்டியல் அறிவிப்பு. எங்கள் வீட்டின் புதிய ஆண்டு மதிப்பும், ஆட்சேபம் கொடுக்கக் கடைசி நாளும் அதில் இருந்தன. அடுத்த பில் வந்தபோது வரி ஏறியிருந்தது. அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார், இரண்டு வீட்டுக்கும் ஒரே தொகை. ஆனால் அவர் சமையலறையைப் பின்னால் இழுத்துக் கட்டியவர், முன்னால் கார் நிறுத்தக் கூரை போட்டவர். எங்கள் வீடு மேம்பாட்டாளர் சாவி கொடுத்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது.

முகப்பில் போய்க் கேட்டபோது, "ஆட்சேப நாள் முடிஞ்சு போச்சு" என்றார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. அப்பா திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. "இத்தனை வருசம் நாள் தவறாம கட்டினேனே" என்று வீட்டுக்கு வந்து மட்டும் ஒரு முறை சொன்னார்.

பட்டியலில் பிழை இருந்தால் இடைக்காலத்திலும் அதைத் திருத்த ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வீட்டின் மூல வரைபட நகல், முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஒரு பக்கக் கடிதம். அவ்வளவுதான் கொடுத்தோம். வந்து பார்த்தார்கள், திருத்தினார்கள். ஆனால் அதற்குள் கூடுதலாகக் கட்டிய தவணைகள் போனது போனதுதான். முதல் கடிதத்தைப் படித்திருந்தால் அந்தப் பணமும் அப்பாவின் வருத்தமும் மிஞ்சியிருக்கும்.

ஆட்சேபம் எப்படிக் கொடுப்பது?

புதிய பட்டியல் தயாரானதும் ஊராட்சி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும். வீட்டுக்கும் அறிவிப்பு வரும். பட்டியலைச் சீர்பார்க்கும் நாள் ஒன்று குறிக்கப்படும். அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன்பாக உங்கள் ஆட்சேபம் எழுத்து வடிவில் போய்ச் சேர வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது. உங்கள் கடிதத்தில் எந்தத் தேதி போட்டிருக்கிறதோ அதையே கடைசி நாளாகக் கொள்ளுங்கள்.

எந்தக் காரணத்துக்காக ஆட்சேபிக்கலாம்? சட்டத்தின் 142ஆவது பிரிவு காரணங்களை வரையறுத்திருக்கிறது. எளிமையாகச் சொன்னால்:

1. என் சொத்தின் மதிப்பை மிகையாகப் போட்டிருக்கிறீர்கள்.
2. வரி விதிக்கக் கூடாத சொத்துக்கு மதிப்புப் போட்டிருக்கிறீர்கள்.
3. பட்டியலில் சேர்க்க வேண்டிய சொத்தோ ஆளோ விடுபட்டிருக்கிறது.
4. ஏதோ ஒரு சொத்துக்கு மதிப்பைக் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள்.
5. சேர்த்து மதிப்பிட்டதைத் தனித்தனியாகவோ, தனித்தனியாக மதிப்பிட்டதைச் சேர்த்தோ மதிப்பிட்டிருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் "எனக்கு வசதியில்லை" என்ற காரணம் இல்லை. "எங்க தாமான்ல கால்வாய் சுத்தம் பண்றதே இல்ல" என்பதும் இல்லை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். கால்வாய்க்குத் தனியாகப் புகார் எழுதலாம். வசதியில்லை என்றால் தவணை முறையில் கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆட்சேபக் கடிதத்தில் அதை எழுதினால் கடிதம் வலுவிழந்துபோகும். நம் மக்கள் எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் இந்தத் தவறுதான். வருத்தம் நிறைய இருக்கும், காரணம் இருக்காது.

ஆட்சேபம் கொடுத்தவரை விசாரணைக்கு அழைப்பார்கள். அங்கே நேரில் பேசலாம். அந்த முடிவிலும் திருப்தி இல்லை என்றால் உயர் நீதிமன்றம் போகச் சட்டத்தில் வழி உண்டு. மலிவு விலை வீட்டுக்காரர் அதுவரை போவது அரிது. அதனால் முதல் படியிலேயே ஒழுங்காக எழுதுவது முக்கியம்.

கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி அமையலாம்:

"மேற்கண்ட முகவரியில் உள்ள என் வீட்டுக்குப் புதிய பட்டியலில் 9,600 ரிங்கிட் ஆண்டு மதிப்பு குறிக்கப்பட்டுள்ளது. இம்மதிப்பு மிகையானது என்று ஆட்சேபிக்கிறேன். இவ்வீடு எந்த விரிவாக்கமும் செய்யப்படாத ஓர் அடுக்கு வரிசை வீடு. இதே வரிசையில் விரிவாக்கம் செய்யப்படாத இரண்டு வீடுகள் மாதம் 600 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளன. வாடகை ஒப்பந்த நகல்களும் வீட்டின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. ஆண்டு மதிப்பை 7,200 ரிங்கிட்டாகத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கவனித்தீர்களா? கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. என்ன தவறு, எப்படித் தெரியும், என்ன வேண்டும். மூன்றும் இருக்கின்றன. ஊராட்சிக்கு அனுப்பும் கடிதம் மலாயில் இருக்க வேண்டும். வகுப்பில் தமிழில் அலுவல் கடிதமாக எழுதிப் பழகலாம். சிந்தனை தெளிவாக இருந்தால் மொழிமாற்றுவது சுலபம்.

பெயர் மாற்றம்: மறந்துவிடாதீர்கள்

மாணவியின் தாத்தா கதைக்கு வருவோம். வீட்டை விற்றால் அல்லது வாங்கினால் மூன்று மாதத்துக்குள் ஊராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 160ஆவது பிரிவு சொல்கிறது. நில அலுவலகத்தில் பெயர் மாற்றினால் ஊராட்சியில் தானாக மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு அலுவலகங்கள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

உரிமையாளர் இறந்துவிட்டால் வரி நின்றுவிடாது. வரி சொத்தின் மீது விழுகிறது. பில்லில் யார் பெயர் இருந்தாலும் சரி, கட்டாவிட்டால் நிலுவை ஏறும். உயில் எழுதாமல் இறந்தவரின் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற, 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். மலிவு விலை வீடு மட்டும் விட்டுச் சென்ற குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. விசாரணைக்கு வாரிசுகள் எல்லாரும் வர வேண்டும் அல்லது எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது. அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்கிற காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

அந்த மாணவியின் குடும்பம் என்ன செய்தது? அவளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு முகப்புக்குப் போனாள். நிலுவையைப் பகுதி பகுதியாகக் கட்ட அனுமதி கிடைத்தது. பெயர் மாற்ற விண்ணப்பமும் போட்டாயிற்று. "டீச்சர், கவுண்டர்ல நான்தான் பேசினேன்" என்று வந்து சொன்னாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

கோயில் செயலவையினர் கவனத்துக்கு

ஆசிரியர்களில் பலர் கோயில் செயலவையிலும் இருப்பீர்கள். வழிபாட்டுத் தலம், உரிமம் பெற்ற இடுகாடு, பொதுப் பள்ளி, லாப நோக்கமில்லாத அறப்பணி இடம் ஆகியவற்றுக்கு மதிப்பீட்டு வரியிலிருந்து விலக்களிக்க 134ஆவது பிரிவில் இடம் உண்டு. ஆனால் அந்த இடம் முழுக்க முழுக்க அந்தப் பணிக்கே பயன்பட வேண்டும். கோயிலோடு ஒட்டிய மண்டபத்தைத் திருமணத்துக்கு வாடகைக்கு விட்டால், அந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழலாம். விலக்கு தானாகவும் வராது. எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். செயலவை மாறும்போது கோப்பும் கைமாற வேண்டும்.

தேர்வு மாணவர்களுக்கு

இந்தத் தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதினால், புறநானூற்றின் 184ஆம் பாடலை நினைவில் வையுங்கள். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன அறிவுரை. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலத்து விளைச்சலும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம். வரி வாங்குவது தவறு என்று புலவர் சொல்லவில்லை. அளந்து வாங்கு என்கிறார். ஆண்டு மதிப்பு, விகிதம், உச்ச வரம்பு, ஆட்சேப நாள் எல்லாம் அந்த அளவுக்காகத்தான் இருக்கின்றன.

எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு அதை முடித்துவைத்தது. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. நம் தெரு விளக்குக்குப் பொறுப்பானவரை நாம் ஓட்டுப் போட்டு நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அப்படியிருக்க, வரி விஷயத்தில் ஒரு சாதாரண வீட்டுக்காரர் ஊராட்சியைப் பார்த்து, "இந்தக் கணக்கு சரியில்லை" என்று சட்டப்படி சொல்வதற்கு இருக்கும் நேரடி வழி அந்த ஆட்சேபக் கடிதம்தான். அதை அலமாரியில் போடுவது ஓட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவது மாதிரி.

வகுப்புக்கு மூன்று பயிற்சிகள்

1. வீட்டு வரி பில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு ஆண்டு மதிப்பு, விகிதம், தவணைத் தொகை ஆகிய மூன்றையும் கண்டுபிடிக்கட்டும். பெருக்கிப் பார்த்து விடை பொருந்துகிறதா என்று சொல்லட்டும்.
2. "கால்வாய் சுத்தம் செய்யப்படவில்லை", "மதிப்பு மிகையாக உள்ளது" ஆகிய இரண்டுக்கும் தனித்தனியே கடிதம் எழுதட்டும். ஒன்று புகார், மற்றொன்று ஆட்சேபம். சொல்லும் தொனியும் எப்படி மாறுகின்றன என்று பேசுங்கள்.
3. வீட்டில் ஒரு கேள்வி கேட்டு வரட்டும்: "நம்ம வீட்டு வரி யார் பேர்ல வருது?"

மூன்றாவது பயிற்சிக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியால் ஒரு வீட்டிலாவது பிஸ்கட் டின் திறக்கப்பட்டு, உள்ளே கிடக்கும் கடிதம் படிக்கப்பட்டால், இந்தக் கட்டுரை எழுதியதற்கு அதுவே எனக்குப் போதும்.